மை படாத விரல்

மில்லிக்கன், ரொறன்ரோ
26 மே 2024

தம்பி கிருபன்,

கடித உறையைக் கண்டதும் யாருக்கோ என்னவோ நடந்துவிட்டது என்று உன் மனிசி அனோஜா பதறுவாள். எல்லோரும் சுகம் என்று அவளிடம் முதலில் சொல்லிவிடு. அத்தானுக்கு வழக்கம்போல முழங்கால் நோவு. அட்சயா வேலைக்குப் போய் வருகிறாள், சமைத்ததைச் சாப்பிடுகிறாள், அம்மாவோடு கதைக்க மட்டும் நேரமில்லை. நான் ஸ்ரீல்ஸ் பிளாசா மருந்துக்கடையில் அதே கவுண்டரில்தான் நிற்கிறேன்.

வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த கூட்டத்துக்கு ஓடிவிடுவாய். நான் லண்டனை விட்டு இங்கே வந்த வருடம் கவுன்சிலர் ஆனவன் நீ. அன்றிலிருந்து கட்சிக்காக ஓடுகிறாய். உன்னைப் பிடித்து இருத்தி ஒரு விஷயம் சொல்வதென்றால் கடதாசிதான் சரி.

விஷயம் இதுதான். பதினைந்து வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் பிரிட்டனில் வோட்டில்லை என்றிருந்த சட்டத்தை எடுத்துவிட்டார்கள் அல்லவா? நான் மார்ச் மாதமே என் பழைய விலாசத்தில் பதிந்துவிட்டேன். இப்போது தேர்தலும் வந்துவிட்டது. எனக்குப் பதிலாகப் போய் வோட்டுப் போட உன்னை நியமித்திருக்கிறேன். நீ இருப்பதும் அந்த விலாசத்துக்குப் பக்கத்துத் தெரு, வோட்டுப் போடுகிற பள்ளிக்கூடமும் ஒன்றுதான். அத்தானுக்கு இது பெரிய பகிடி. "எங்கட ஊரில இதுக்குப் பேர் கள்ளவோட்டு. அங்க அரசாங்கமே கடதாசி தந்து செய்யச் சொல்லுது" என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்பத்தொன்பதாம் ஆண்டுத் தேர்தல் உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு அது முதல் வோட்டு. அம்மாவின் நீலச் சேலையை உடுத்திக்கொண்டு போனேன். வரிசையில் நின்று உள்ளே போனால், மேசையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உங்கட வோட்டு போட்டாச்சு" என்றார். நான் போடவில்லையே என்றேன். அவர் நிமிர்ந்தும் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்தால் நீ கேற்றடியில் நிற்கிறாய், எட்டாம் வகுப்புப் பெடியன். "அக்கா, விரலைக் காட்டுங்கோ, மை பாப்பம்" என்றாய். நான் கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டேன். யார் என் பெயரில் யாருக்குப் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது.

ஆகவே என் பெயரில் இன்னொருவர் போடப்போகும் இரண்டாவது வோட்டு இது. முதலாவதைக் களவெடுத்தார்கள், இதை நானாகத் தருகிறேன். நிரோஷினிக்குப் போடு.

உனக்கு முகம் சுருங்கும், தெரியும். அவள் சுயேச்சையாக உன் கட்சிக்கு எதிராக நிற்கிறாள். ஆனால் தமிழ்ப் பள்ளியும் கிழமையில் ஒருநாள் மத்தியானச் சாப்பாடும் நடந்த அந்தக் கவுன்சில் மண்டபத்தை அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு விற்கலாம் என்று நீங்கள் கை உயர்த்தினீர்களே, அதைத் தடுக்க வீடு வீடாகப் போனவள் அவள் ஒருத்திதான். லண்டனுக்கு வந்த புதிதில் நான் ஆங்கிலம் படித்தது அந்த மண்டபத்தில். அவள் அங்கே ஒரு மேசை போட்டு, வீட்டுப் பிரச்சினை விசாப் பிரச்சினை என்று வந்தவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்ததை நீயும் பார்த்திருக்கிறாய். அவள் வெல்லமாட்டாள், வென்றாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. அந்த அளவுக்கு எனக்கும் அலுத்துவிட்டது. ஆனாலும் போடு. போடுவாய் என்று எழுதி அனுப்பு.

அக்கா


லண்டன்
8 யூன் 2024

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே அனோஜா உறையைப் பிரிக்கப் பயந்து, நான் வரும்வரை மேசையில் வைத்துவிட்டு இருந்தாள்.

முதலில் மறுமொழி. உங்கள் வாக்கு நீங்கள் சொன்ன இடத்துக்கே போகும். இது என் சத்தியம்.

இனி ஒரு கவுன்சிலராகக் கொஞ்சம் சொல்ல விடுங்கள். இந்த நாட்டுத் தேர்தல் முறையில், ஒரு தொகுதியில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு எடுத்தவரும் வெல்லலாம். மற்ற எல்லா வாக்கும் குப்பைக்குப் போகிறது. நிரோஷினிக்குப் போடும் வாக்கும் அப்படித்தான் போகும். அதை மாற்றத்தான் நான் கட்சிக்குள் ஒரு குழுவில் இருந்து பாடுபடுகிறேன். எடுத்த வாக்கின் விகிதத்துக்கே ஆசனம் கிடைக்க வேண்டும். எங்கள் ஆட்சி வந்தால் அதற்கு வழி பிறக்கும். மண்டபத்தின் கதையும் அதுதான். மேலேயிருந்து காசு வராத கவுன்சில் எதையாவது விற்றுத்தான் ஆகவேண்டும். கட்சி எடுத்த முடிவுக்கு எதிராக நான் கை உயர்த்தினால் என்னைத் தூக்கிவிட்டு இன்னொருவரை வைப்பார்கள், மண்டபம் எப்படியும் போகும். இதை எத்தனை தரம் போனில் சொல்லியிருக்கிறேன்.

வாசல் வாசலாகப் போய்வருகிறேன். இப்போது கதவு திறப்பவர்கள் குறைவு. வாசல் மணியில் கமரா வைத்திருக்கிறார்கள். வேலை இடத்தில் இருந்துகொண்டே மணிக்குள்ளால் கதைக்கிறார்கள். நேற்று ஒரு பெண், எங்கள் ஆள்தான், மணிக்குள்ளிருந்து சொன்னாள், "நீங்கள் எல்லாரும் ஒண்டுதான். தேர்தலுக்கு மட்டும் வாறியள்." நான் கிழமைக்கொரு தரம் அந்தத் தெருவில் நடக்கிறவன் என்று சொல்ல வாய் திறந்தேன், அவள் அதற்குள் மணியை நிறுத்திவிட்டாள். பிறகு அடுத்த வாசலுக்குப் போனேன். கால் நோகிறது, அக்கா. கோபம்கூட வரவில்லை.

அத்தானின் பகிடியை இங்கே கட்சிப் பெடியளுக்குச் சொன்னேன். விளங்கப்படுத்தவே அரைமணி நேரம் போய்விட்டது, கடைசியில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்புடன்
கிருபன்


மில்லிக்கன்
14 யூலை 2024

கிருபன்,

உன் கட்சி வென்றது. நிரோஷினி மூன்றாவதாக வந்தாள். அது எதிர்பார்த்ததுதான்.

வெற்றி விழா வீடியோவை ஒருவர் இருவரல்ல, இங்கே மூன்று வீட்டுக்காரர் எனக்கு அனுப்பினார்கள். சாப்பாட்டுக் கடை மேல்மாடி, மாலை, பொன்னாடை, நீ மைக்கோடு. எம்.பி.யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ சொல்கிறாய்: "எங்கட வீட்டில ஒவ்வொரு வோட்டும், கனடாவில இருக்கிற என்ர அக்கான்ர வோட்டும் சேர்த்து, எங்கட கட்சிக்குத்தான் விழுந்தது." சனம் கைதட்டுகிறது. எம்.பி.க்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்கிறார். எனக்கு.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அட்சயா வந்து போனைப் பறித்தாள். "அம்மா, இற்ஸ் ஜஸ்ற் எ ஸ்பீச். பொலிற்றிஷன்ஸ் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றாள். அவளுக்கு நீ பொலிற்றிஷன். எனக்கு நீ கேற்றடியில் நின்ற பெடியன்.

அந்த முதல் வோட்டைக் களவெடுத்தவன் யாரென்று தெரியாததால் இத்தனை வருடம் ஒருவன்மீதும் கோபப்பட முடியாமல் இருந்தேன். இந்த முறை எனக்கு அந்தக் குறை இல்லை.

போடப்போகிற வோட்டைப் பற்றிச் சத்தியம் செய்தாய். மேடையில் வேறொன்று சொன்னாய். இரண்டில் ஒன்று பொய். எது என்று நான் எப்படி அறிவேன்? ஆரும் அறிய முடியாது என்பதால்தானே இவ்வளவு துணிவு.

உன்னை வாட்ஸ்அப்பில் தடுத்துவிட்டேன். போனும் எடுக்கமாட்டேன். அனோஜா மனம் நோகவேண்டாம், அவளோடு எனக்கு ஒன்றுமில்லை.

யோகமலர்


லண்டன்
2 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

பெயர் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். என் வாழ்நாளில் நீங்கள் எனக்கு அப்படி எழுதியதில்லை.

நான் போட்டது உண்மை. நீங்கள் சொன்ன இடத்தில்தான் போட்டேன். மேடையில் சொன்னதுதான் பொய். அன்றைக்கு என்ன நடந்தது என்றால், இரவும் பகலும் நித்திரையில்லாமல் வேலை செய்து, வென்ற களிப்பில் எல்லோரும் நிற்க, திடீரென்று மைக்கைக் கையில் தந்துவிட்டார்கள். எனக்கு முதல் பேசியவர் தன் குடும்பத்தில் இத்தனை வாக்கு என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார். என் வாய்க்கு அது பழகிப்போன பாதை. போய்விட்டது. நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே வீடியோவைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

அதை இவ்வளவு பெரிதாக எடுக்காதீர்கள், அக்கா. மேடையில் சொல்வதை இந்தக் காலத்தில் யார் நம்புகிறார்கள்? கேட்டுக் கைதட்டியவர்களே நம்பியிருக்க மாட்டார்கள்.

உண்மையில் பிழை ஒரு ஆளிலோ ஒரு பேச்சிலோ இல்லை. முறையில் இருக்கிறது. வெல்லுகிறவன் எல்லாவற்றையும் எடுக்கிற முறை இருக்கும்வரை, ஒவ்வொருவனும் தன் வீட்டு வாக்கையும் எண்ணிக் காட்டவேண்டித்தான் இருக்கும். விகிதாசாரம் வந்தால் கட்சிகள் சேர்ந்து ஆளவேண்டி வரும், பேச்சிலும் ஒரு நிதானம் வரும். பிரபுக்கள் சபையை எடுத்துவிட்டுப் பிரதேசங்களுக்கு ஒரு சபை வைக்க வேண்டும். சொன்னதைச் செய்யாத எம்.பி.யை இடையிலேயே திருப்பி அழைக்கத் தொகுதிச் சனத்துக்கு உரிமை வேண்டும். இவை பற்றி நான் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் அனுப்புகிறேன்.

அக்கா, மறுமொழி போடுங்கள். ஏசியாவது எழுதுங்கள்.

கிருபன்


லண்டன்
8 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நீங்கள் எழுதவில்லை. கட்டுரையையும் நான் அனுப்பவில்லை. எழுதியவரை வாசித்துப் பார்த்தபோது, சொன்னதைச் செய்யாத எம்.பி. என்று வருகிற இடத்தில் நிறுத்திவிட்டேன். மேலே எழுத ஓடவில்லை.

இப்போது எழுதுவது மண்டபத்தைப் பற்றி. போன கிழமை இடித்துவிட்டார்கள். நான் வேண்டுமென்று அந்தப் பக்கம் போகவில்லை, பஸ் அந்த வழியால் போனது. முன் சுவர் போய், உள்ளே தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த மயில் மட்டும் பின் சுவரில் வெளித்தெரிய நின்றது. பஸ்ஸில் இருந்த ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்சி வந்தால் எல்லாம் மாறும் என்று உங்களுக்கு எழுதினேன். ஆட்சி வந்தது. முதல் வேலையாக, வயதுபோன கனபேருக்கு வீடு சூடாக்கத் தந்த குளிர்காலக் காசை நிறுத்தினார்கள். நான் தட்டிய கதவுகளில் இருந்த கிழவர்கள் இப்போது என்னைத் தெருவில் கண்டால் மற்றப் பக்கம் கடக்கிறார்கள். விகிதாசாரம் பற்றிக் கேட்டால், வென்ற முறையை எவனாவது மாற்றுவானா என்று எங்கள் ஆட்களே சிரிக்கிறார்கள். கேட்கும்போது அதிலும் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரிகிறது.

போன மாதக் கட்சிக் கூட்டத்தில் நான் ஒன்று சொன்னேன். இப்படி எதையாவது விற்கிறதென்றால், இடிக்கிறதென்றால், அந்தப் பகுதிச் சனத்தில் குலுக்கல் முறையில் கொஞ்சப்பேரைத் தெரிந்து, அவர்களை இருத்தி, கணக்கு முழுவதையும் திறந்து காட்டி, அவர்களே முடிவெடுக்கட்டும் என்றேன். கட்சிக்காரர் வேண்டாம், மேடை வேண்டாம். கொறடா என் முகத்தைப் பார்த்து, "அப்ப நாங்கள் எதுக்கு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியை அனோஜாவிடம் கேட்டேன். அவள் சாப்பாட்டைச் சூடாக்கினாள்.

அத்தானின் முழங்காலுக்கு ஒப்பரேஷன் என்று அனோஜா சொன்னாள். எனக்குச் சொல்லவேண்டாம், அவளுக்காவது சொல்லுங்கள்.

கிருபன்


மில்லிக்கன்
9 மார்ச் 2025

தம்பி,

உன் நவம்பர்க் கடிதம் தபால்காரரின் வேலைநிறுத்தத்தில் மாட்டுப்பட்டு ஜனவரியில்தான் வந்தது. வந்த பிறகும் நான் உடனே எழுதவில்லை. அத்தானின் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. வோக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், கதைக்கு மட்டும் குறைவில்லை.

மயிலைப் பற்றி நீ எழுதியதை வாசித்து அழுதேன். அதைச் சொல்லவேண்டும். ஆனால் அதற்கு நீ கை உயர்த்தினவன் என்பதும் அழும்போதே நினைவில் இருந்தது.

குலுக்கல் யோசனையை ஏதோ நீ புதிதாகக் கண்டுபிடித்தமாதிரி எழுதுகிறாய். ஊர்க்கோயிலில் இரண்டு பகுதியும் அடிபட்டால் சாமிக்கு முன்னால் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்த்ததை மறந்துவிட்டாயா? இங்கே ஒன்ராறியோவிலும் முந்தி, தேர்தல் முறையை எப்படி மாற்றலாம் என்று யோசிக்கக் குலுக்கலில் ஆட்களைத் தெரிந்து இருத்தினார்கள். அவர்கள் மாதக்கணக்காக இருந்து படித்து ஒரு முறையைச் சொன்னார்கள். அதைச் சனத்தின் வாக்கெடுப்புக்கு விட, சனமே வேண்டாம் என்று விட்டது. பிறகு மத்தியிலும் முறையை மாற்றுகிறோம் என்று சொல்லி வந்தவர்கள் கைவிட்டார்கள். விகிதாசாரம் விகிதாசாரம் என்கிறாய், என் வோட்டைக் களவெடுத்தார்களே எண்பத்தொன்பதில், ஊரில் விகிதாசார முறையில் நடந்த முதலாவது பாராளுமன்றத் தேர்தல் அதுதான். முறை நல்லதாக இருக்கலாம், தம்பி. மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லையே.

இனி நான் எழுதவந்தது. போன மாதம் இங்கே மாகாணத் தேர்தல். கொட்டுகிற ஸ்னோவில் தேர்தல் வைத்தார்கள். அலுத்துப்போய் வீட்டில் இருக்காமல் நான் வாக்குச்சாவடியில் ஒருநாள் வேலைக்குப் பதிந்து, பள்ளிக்கூட ஜிம் ஒன்றில் மேசைக்குப் பின்னால் இருந்தேன். வருகிற ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்க்கிறதென்று முடிவோடுதான் போனேன்.

மத்தியானம் போல ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள், எங்கள் ஆட்கள், என்னைவிட வயது கூட. சீட்டைக் கொடுத்ததும் அவரும் அவள் பின்னால் போகிறார். மறைப்புக்கு ஒரு மட்டை நிறுத்தி வைத்திருக்கிறோம், அதற்குள் ஒருவர்தான் போகலாம் என்று மறித்தேன். "அவவுக்கு உது தெரியாது, நான்தான் காட்டிக் குடுக்கோணும்" என்றார். நான் அவளைப் பார்த்து, உதவி வேணுமோ என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவரை வாசல் பக்கம் நிற்க வைத்தேன். அவள் மட்டைக்குப் பின்னால் கனநேரம் நின்றாள். வெளியே வந்ததும் அவர் கேட்டார், "ஆருக்குப் போட்டனீர்?" அவள் சொன்னாள், "நீங்கள் சொன்ன ஆளுக்குத்தான்." சொல்லிவிட்டு, போகிற வழியில் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அது உண்மையோ பொய்யோ அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதை ஒருவரும் அறியக்கூடாது என்பதற்குக் காவலாக அன்று முழுக்க நான் இருந்து சம்பளமும் வாங்கினேன். ஆனால் அந்த மனிசன் கேட்ட கேள்வியைத்தான் இத்தனை மாதமாக நான் உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வரும்போது காரில் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே என் வோட்டை எங்கே போட்டாய் என்று இனிக் கேட்கமாட்டேன். அது முடிந்தது.

ஆனால் மேடை முடியவில்லை. மட்டைக்குப் பின்னால் நடந்ததை நீ எனக்குக் காட்டத் தேவையில்லை. மைக்கில் சொன்னதை ஊரே கேட்டது. என் பெயரை நீ எடுத்தது அங்கே, திருப்பித் தரவேண்டியதும் அங்கேதான். மைக்கில் சொன்னதை யார் நம்புகிறார்கள் என்று நீ எழுதியதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கூட நொந்தது. நான் நம்பினேன், கிருபன். உன் வாயில் வந்தது என்பதால் நம்பினேன்.

வாட்ஸ்அப்பைத் திறந்துவிடவில்லை. கடிதம் எழுதலாம்.

அக்கா


லண்டன்
17 மே 2026

அக்கா,

உங்கள் கடிதத்துக்கு ஒரு வருடத்துக்கு மேலாக மறுமொழி எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன் என்று சொல்லலாம், ஆனால் அது உண்மையில்லை. எழுதவேயில்லை. எழுதினால் நீங்கள் கேட்டதைச் செய்யவேண்டி வரும்.

நான் தோற்றுவிட்டேன். கவுன்சில் தேர்தலில், மூன்று பேர் தெரிவாகும் என் வட்டாரத்தில் நான் நாலாவது. கதவு திறக்காத சனம் முடிவை மட்டும் வடிவாகச் சொல்லிவிட்டது. இருபது வருடம் இருந்த கதிரை. மேசையைத் துப்புரவாக்க அனோஜாவும் வந்தாள். ஒரு பெட்டிகூட நிரம்பவில்லை.

அதற்கு முதல் நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரலில் கட்சி தமிழ் ஆட்களுக்கு ஒரு கூட்டம் வைத்தது. அதே கடை, அதே மேல்மாடி, அதே எம்.பி. மைக்கைத் தந்தார்கள். எழுதிவைத்த பேச்சு சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. "போன முறை இந்த இடத்தில நிண்டு என்ர அக்கான்ர வோட்டு எங்கட கட்சிக்கு விழுந்தது எண்டு சொன்னன். அது பொய். அவ எங்களுக்குப் போடச் சொல்லேல்லை. மண்டபத்தை வித்ததால போடச் சொல்லேல்லை" என்றேன். அவ்வளவுதான். ஒருவரும் கைதட்டவில்லை. எம்.பி.க்கு மொழிபெயர்த்துச் சொல்லவும் ஒருவரும் இல்லை. அவர் வழக்கம்போலப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். பிரசாரத்துக்குப் பொறுப்பானவர் வந்து மெதுவாக மைக்கை வாங்கினார். அடுத்த கிழமையிலிருந்து என் துண்டுப்பிரசுரங்கள் கட்சிக் கந்தோரிலேயே கட்டோடு கிடந்தன. நானும் அனோஜாவும்தான் கொண்டுபோய்ப் போட்டோம். அதனால்தான் தோற்றேன் என்று நான் சொல்லவரவில்லை. எப்படியும் தோற்றிருப்பேன்.

வீடியோ அனுப்பலாம் என்று பார்த்தேன். நான் முதல்முறை பேசியதை எடுத்த ஆளையே கேட்டேன். எடுத்தது சரியாக வரவில்லை, அழித்துவிட்டேன் என்றார். பொய் இன்னும் ஃபேஸ்புக்கில் இருக்கிறது, அதற்கு லைக்கும் விழுகிறது. உண்மையைத் தேடினால் கிடைக்காது. ஆகவே இதற்கும் என் சொல் ஒன்றுதான் உங்களுக்கு மிச்சம். அதன் பெறுமதி எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

இன்னுமொன்று. நீங்கள் இனிக் கேட்கமாட்டேன் என்று எழுதினீர்கள். கேட்காததால் சொல்கிறேன். அன்று பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வாக்குச்சீட்டுத் தந்தார்கள், ஒன்று உங்களது, ஒன்று என்னுடையது. முதலில் உங்களதை எடுத்தேன். சொன்னபடி நிரோஷினிக்குப் போட்டேன். அது சுலபமாக இருந்தது, உங்கள் கை என்று நினைத்துக்கொண்டு போட்டேன். பிறகு என்னுடையதை விரித்தேன். கட்சியின் பெயருக்கு நேரே பென்சிலைக் கொண்டுபோனேன். கை போகவில்லை. அந்த மணிக்குள்ளிருந்து கதைத்த பெண்ணை நினைத்தேன். மண்டபத்துக்காகக் கை உயர்த்தினேனே, அதை நினைத்தேன். வெளியே என் கட்சிக்காரர் கட்சிச் சின்னமான ரோஜாப்பூவோடு நிற்க, உள்ளே நான் நின்று என்னுடையதையும் நிரோஷினிக்கே போட்டேன்.

எங்கள் வீட்டிலிருந்து கட்சிக்கு விழுந்தது அனோஜாவின் வாக்கு மட்டும்தான். அவளும் எனக்காகப் போட்டது. வெளியே வந்ததும் என் கட்சிக்காரருக்குக் கைகாட்டிவிட்டு விறுவிறென்று நடந்தேன். வெற்றி விழாவில் மைக்கைத் தந்தபோது, பயத்தில்தான் அவ்வளவு உரத்துச் சொன்னேன் என்று இப்போது நினைக்கிறேன்.

இதைக் கவுன்சிலராக இருக்கும்போது எழுதியிருந்தால், உங்களைச் சமாளிக்கச் சொன்ன கதை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானே அப்படி நினைத்திருப்பேன். இப்போது எனக்கு ஒருவருடைய வாக்கும் தேவையில்லை.

களைத்துப்போனேன், அக்கா. ஆனால் நித்திரை வருகிறது.

தம்பி


மில்லிக்கன்
12 யூலை 2026

தம்பி,

உலகக்கிண்ணப் பந்தாட்டம் பார்க்க வந்த கூட்டமெல்லாம் போய் நகரம் ஓய்ந்திருக்கிறது. அத்தான் பிளாசாவரை தனியே நடக்கிறார். அட்சயா தனக்கு வீடு பார்க்கிறாள். வோபர்ன் பக்கம் ஒன்று பிடித்திருக்கிறதாம்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் இருந்தேன். அந்த வீடியோவை நானும் தேடினேன். இல்லை. நிரோஷினியிடம் கேட்டால் ஏப்ரல் கூட்டத்தில் என்ன நடந்தது என்று ஊர்க்கதையாவது தெரிந்திருக்கும் என்று ஒருநாள் போனை எடுத்தேன். நம்பரையும் அழுத்தினேன். மணி அடிக்க முதல் வைத்துவிட்டேன்.

நீ எழுதியது முழுக்க உண்மையோ, எனக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. அந்த மயிலை நீ பஸ்ஸிலிருந்து பார்த்தாய் என்பதுகூட நீ சொன்னதுதான். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போனால் எனக்குத் தம்பி என்று ஒருவர் மிஞ்சமாட்டார். அந்தக் கணக்கை இனி நான் பார்க்கப்போவதில்லை.

வோட்டுப் பதிவு முடியப்போகிறது, புதுப்பியுங்கள் என்று லண்டனிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எதற்கு மினக்கெடுவான் என்றார் அத்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். பிறகு வேலை முடிந்து வந்து, சேலைகூட மாற்றாமல் இருந்து புதுப்பித்தேன்.

எனக்குப் பதிலாகப் போடுகிறவர் பெயர் என்று கேட்ட இடத்தில் உன் பெயரைத்தான் போட்டிருக்கிறேன். யாருக்கு என்று இந்த முறை சொல்லப்போவதில்லை. தேர்தல் எப்போது வருகிறதோ, அன்று நீ போய்ப் பார்த்து எது சரியோ அதைப் போடு. வந்து எனக்கு எழுதவும் வேண்டாம். விரலைக் காட்டு என்று நான் கேட்கமாட்டேன்.

வாட்ஸ்அப் திறந்திருக்கிறது.

அக்கா